இராச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு அவுன்ஸ்

யேசு மரி சூசை துணை. (இம்முறை மூவருமே தேவைப்படுகிறார்கள்.)

மஹய்யாவ, கண்டி.
செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி.

பேரன்பும் பெருமதிப்புமுள்ள மச்சான் கபிரியேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை டொரதியின் கணவன் ஸ்ரனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தோம். தெல்தோட்டையில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இப்படித் தொடங்குவதுதான் முறை என்பதால் இப்படித் தொடங்குகிறேன். மனதில் இருப்பது வேறு. அது பின்னால் வரும், அவசரப்பட்டுத் தாளைத் திருப்ப வேண்டாம்.

வட்ஸ்அப்பில் அனுப்பாமல் ஏன் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன் என்று யோசிப்பீர்கள். வட்ஸ்அப்பை டொரதி பார்ப்பாள். கடிதத்தை இந்தக் காலத்தில் யாரும் திறப்பதில்லை. முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன், இரகசியத்துக்கு இன்றைக்கும் தபால்தான் பாதுகாப்பு.

வருகிற மாதம் எங்கள் மகள் ஷிராணி உங்களையும் மெல்பேர்னுக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்றும், அவளும் மருமகன் றொட்னியும் எங்களைக் கூட்டிப்போன அதே கடலோர வைன் நாட்டுக்கு உங்களையும் கூட்டிப்போகப் போகிறார்கள் என்றும், அங்கே எதைப் பார்க்கலாம், எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம் என்று எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். மூன்றாவது கேள்வியை என்னிடம் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவது என் பழக்கம்.

முதலில் நான் யாரென்று எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், ஆனால் நாளைக்கு யாராவது விசாரித்தால் இந்தக் கடிதம் தனியாக நின்று பேச வேண்டும். நான் ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்கள் பங்கு மதுவிலக்குச் சபைக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவர். ஒவ்வொரு வருடமும் வாக்குறுதி ஞாயிறன்று பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் நின்று வலது கையைத் தூக்கி, "சாராயம், கள், கசிப்பு, பியர், வைன் ஆகிய எதையும் தொடேன், தொட்டவனும் அல்லேன்" என்று நான் முதலில் சொல்ல, நாற்பது பேர் பின்னால் சொல்வார்கள். அந்த வாசகத்தை எழுதியவனும் நான்தான். வைன் என்ற சொல்லை எடுத்துவிடலாமே, பூசையிலும் அது இருக்கிறதே என்று பங்குச் சுவாமி கேட்டபோது, "சுவாமி, கோயிலில் அது இரசம், வெளியில்தான் அது வைன்" என்று வாதாடி அந்தச் சொல்லை உள்ளே வைத்தவனும் நான்தான். வருகிற ஞாயிறு வாக்குறுதி ஞாயிறு. நான் கையைத் தூக்குவதா இல்லையா என்பதுதான் இந்த வீட்டில் இப்போதுள்ள கேள்வி.

அதோடு என் பொறுமை. மஹய்யாவவில் ஸ்ரனிஸ்லாஸ் என்றால் யாருக்கும் தெரியாது, "அந்த அமைதியான சேர்" என்றால் பஸ் நிலையம் வரைக்கும் தெரியும். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு உதாரணமாக என்னைக் காட்டியிருக்கிறார்கள். மது தொடாத மனுசனுக்குக் கிடைக்கும் பரிசு இந்த மனநிம்மதி என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன்.

இரவு ஏழரைக்குச் சாப்பாடு முடிந்ததும் முப்பத்துமூன்று வருடமாக நான் குடிக்கும் இரத்த விருத்தி டொனிக்கைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியவர் நீங்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். "அப்பா, உங்கள வைன் கன்ட்ரிக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று ஷிராணி போனில் சொன்னபோதே நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வைன் என்றால் நமக்குத் தெரிந்தது வைன் ஸ்டோர்ஸ்தானே. கம்பி வலைக்குள்ளே கையை நீட்டி, கால் போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போகும் கடை. அந்தப் போர்டில் வைன் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஒரு போத்தல் வைன் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு நாடு முழுக்க அப்படிக் கம்பி வலைகள் என்றால் என் பெண்பிள்ளை அங்கே எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். பிறகு அது திராட்சைத் தோட்டம் என்று விளக்கினாள். திராட்சை நல்ல பழம்தானே, போகலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

பெட்டி கட்டும்போது டொனிக் போத்தல் இரண்டை எடுத்து வைக்கச் சொன்னேன். டொரதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்க, அங்க எயாபோட்டுல எல்லாத்தையும் மெஷின்ல போட்டுப் பாப்பாங்களாம்" என்றாள். மருந்துதானே, டிஸ்பென்சரி லேபல் இருக்கிறதே என்றேன். லேபலைத்தான் முதலில் படிப்பார்கள் என்றாள். சட்டத்துக்கு எவ்வளவு பயந்த பெண் என்று அன்றைக்கு மனதுக்குள் பெருமைப்பட்டேன், மச்சான்.

போய் இறங்கிய முதல் இரவிலிருந்தே எனக்கு நித்திரை இல்லை. இரண்டாம் நாள் றொட்னி ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தும் விதம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் மூச்சு விடும் விதமும் பிடிக்கவில்லை. அவர்கள் தெருவில் குப்பைத் தொட்டிகளின் மூடி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஏன் மூன்று நிறம் என்று கேட்டு அந்த ஊர் நகரசபைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். நாலாம் நாள் அதற்கு நினைவூட்டல் கடிதம் எழுதினேன். "ஏம்பா இப்படி இருக்கீங்க, ஊருல எவ்வளவு சாந்தமா இருப்பீங்க" என்று ஷிராணி அழுதாள். குளிரென்றேன். உண்மையிலேயே குளிர் என்றுதான் நம்பினேன்.

ஆறாம் நாள் கடலோரம் புறப்பட்டோம். ஷிராணி பார்க்க, சாப்பிட, குடிக்க என்று மூன்று கோடு கிழித்து ஒரு பட்டியல் அச்சடித்துத் தந்திருந்தாள். உங்களுக்கும் தருவாள். பார்க்க என்ற பகுதியில் முதலாவது கடல். கடலுக்குக் குறை சொல்ல முடியாது, பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் காலை வைத்தால் ஐஸ் பெட்டிக்குள் வைத்த மாதிரி விறைக்கிறது. அடுத்தது வெந்நீர்க் குளம். மலையோரத்தில் பூமிக்குள்ளிருந்து சுடுதண்ணீர் வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அதற்குள் ஆணும் பெண்ணுமாக முன்பின் தெரியாத முப்பது பேர் கழுத்தளவில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்கிறார்கள். நான் சட்டையோடு இறங்கினேன். கழற்றச் சொன்னார்கள். மறுத்தேன். கரையில் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். டொரதி மட்டும் முக்கால் மணித்தியாலம் உள்ளே இருந்தாள், யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியுடன் சிரித்துப் பேசிக்கொண்டு. எந்த மொழியில் பேசினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

சாப்பிட என்ற பகுதியில் முதலாவது சிப்பி. சமைத்த சிப்பி இல்லை மச்சான், உயிரோடு. ஓட்டைத் திறந்து எலுமிச்சம்புளி விட்டதும் அது சுருங்கியதை என் கண்ணால் கண்டேன். றொட்னி அதை அண்ணாந்து விழுங்கிவிட்டு, இனிமையாக இருக்கிறது மாமா என்றார். இந்தக் கையில்தானே என் மகளைப் பிடித்துக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துத் தாளில் கட்டித் தந்தார்கள். அது நன்றாக இருந்தது என்று சொல்லலாம், ஏனென்றால் ஒரு துண்டு சாப்பிட்டேன். மிச்சத்தைக் கடற்காகம் கொண்டுபோனது. நம்ம பக்கத்துக் குரங்காவது பையைப் பறிக்குமுன் கொஞ்சம் யோசிக்கும், இது வாய்க்கும் கைக்கும் நடுவில் வந்து எடுக்கிறது. எழுந்து நின்று அந்தப் பறவையிடம் நான் பேசிய தமிழை ஷிராணி தன் வாழ்நாளில் என் வாயிலிருந்து கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு பூசணம் பிடித்த சீஸ். பூசணத்தைச் சுரண்டிவிட்டுத் தருவார்கள் என்று காத்திருந்தேன். பூசணத்துக்குத்தான் விலையாம்.

பின்னேரம் திராட்சைத் தோட்டம். இறங்கியதும் எனக்கே ஒரு ஆறுதல், ஏனென்றால் சரிவில் நிரை நிரையாக, பார்க்க நம்ம தேயிலை மலை போலத்தான் இருந்தது. டொரதி ஒரு கொடியைப் பிடித்துப் பார்த்து, "கவ்வாத்து நல்லா வெட்டியிருக்காங்க" என்றாள். உள்ளே கூட்டிப்போய் ஒரு நீண்ட மேசை. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஆளுக்கு ஆறு சின்னக் கிளாஸ் வைத்தாள். எனக்கு மட்டும் தோடம்பழச்சாறு, நானே சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு பீங்கான் சாடி. ருசி பார்த்துவிட்டு அதில் துப்ப வேண்டுமாம். நாலு பேருக்கு முன்னால் துப்புவதா என்று நான் திகைத்துக்கொண்டிருக்கும்போதே, என் மனைவி, பங்கு மாதர் சங்கப் பொருளாளர் டொரதி, முதல் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மணந்து, தேயிலைத் தொழிற்சாலையில் சாயம் ருசி பார்க்கிற ஐயா மாதிரி சர்ரென்று உறிஞ்சி, சாடியின் நடுவில் சரியாகத் துப்பினாள். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. மூன்றாவது கிளாஸை மணந்துவிட்டு, "இது இன்னும் பழகல, அவசரப்பட்டுப் போத்தல்ல ஊத்திட்டாங்க" என்றாள். றொட்னி அதை இங்கிலிஷில் சொன்னார். அந்தப் பிள்ளை உள்ளே ஓடிப்போய்த் தோட்டத்து முதலாளியைக் கூட்டிவந்தாள். முதலாளி டொரதியின் கையைக் குலுக்கினார். நான் தோடம்பழச்சாற்றைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஆறாவது கிளாஸ் வந்தது. கறுப்புச் சிவப்பு நிறம். மேசைக்கு வந்ததும் அதன் வாசம் எனக்கு அடித்தது. மச்சான், ஆறு நாளாக நித்திரையில்லாத மனுசனுக்குத் தன் வீட்டு வாசம் அடித்தால் எப்படி இருக்கும். நான் நினைத்தது என்ன தெரியுமா? டொரதி எப்படியோ என் டொனிக்கை ஒளித்துக் கொண்டுவந்து, என்னைச் சந்தோசப்படுத்த இங்கே வைத்து ஊற்றிக் கொடுக்கிறாள் என்று. எடுத்தேன், ஒரே மடக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது என் டொனிக்" என்று எழுந்து நின்று சொன்னேன். "இரண்டு அவுன்ஸ் கணக்கு, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்றும் சொன்னேன். டொரதியின் கையிலிருந்த சீஸ் கீழே விழுந்தது.

அந்தப் பிள்ளை ஆசையாகக் கேட்டாள், உங்கள் டொனிக்கில் என்னென்ன போடுவார்கள் என்று. நான் பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். திராட்சை வத்தல், பேரீச்சம்பழம், கறுவா, கராம்பு, சீனி, சாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி இருபத்தொரு நாள் இருட்டில் வைப்பது. ஈஸ்ட் ஒரு கரண்டி. அவள் சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். றொட்னி தரையைப் பார்த்தார். ஷிராணி கூரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, அது வைன். அம்மாவும் பெரிய மாமாவும் போடுற வைன்" என்றாள்.

மாதாமாதம் கண்டி மார்க்கெட்டில் அந்தத் திராட்சை வத்தலை வாங்கிச் சுமந்து வந்தவன் நான். ஈஸ்டும் நான்தான் வாங்கினேன், டொனிக்குக்கு ஒரு கரண்டி, மிச்சம் பாண் போட என்று சொல்வாள். முப்பத்துமூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு பாண் போட்டதில்லை. அதைக்கூட நான் யோசிக்கவில்லை. கோயிலில் இரசம், கடையில் வைன், என் வீட்டில் டொனிக்.

கண்டிக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்குப் பின்னால் இருந்த போத்தல்களை எடுத்து மேசையில் அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி லேபல். "ஸ்ரனிஸ்லாஸ். இராச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு அவுன்ஸ். நன்றாகக் குலுக்கவும்." பக்கத்தில் ஒவ்வொரு வேளைக்கும் அளவுக்கோடு வெட்டிய தாள் வேறு ஒட்டியிருந்தது. உறையில் உள்ள கையெழுத்தைப் பார்த்தே அனுப்பியவர் யாரென்று சொல்லக்கூடியவன் என்று தபால் கந்தோரில் எனக்குப் பெயர். அந்த லேபலில் இருந்தது உங்கள் கையெழுத்து, மச்சான். நீங்கள் டிஸ்பென்சர் என்பதால் மருந்துக்கு எழுதினீர்கள் என்று நம்பினேன். உங்களுக்குத் தோட்டத்தில் எத்தனை நோயாளிகள், எனக்காக நேரம் ஒதுக்கி எழுதுகிறாரே என்று உங்களுக்காகப் பூசையும் ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

டொரதி அழவுமில்லை, மறுக்கவுமில்லை. கலியாணம் முடித்த முதல் மூன்று மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னாள். சோறு குழைந்தால் தட்டைத் தள்ளுவேனாம். பக்கத்து வீட்டு றேடியோவுக்கு எதிராகப் பொலிசுக்கு ஏழு முறை எழுதினேனாம். கதவு கிரீச்சிட்டால் தச்சனோடு அல்ல, கதவோடு சண்டை பிடிப்பேனாம். பிறந்த வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று உங்களிடம் வந்து அழுதிருக்கிறாள். நீங்கள் யோசித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்று சொல்லி இந்த முறையைக் கையில் கொடுத்தீர்களாம். அன்றிரவு இரண்டு அவுன்ஸ் குடித்துவிட்டு நான் தட்டைக் கழுவி வைத்தேனாம். ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் காலையிலும் ஒரு வேளை கூட்டினாளாம்.

"நீங்க நல்லவருதாங்க," என்றாள். "ஆனா ஏழரை மணிக்குப் பொறகுதான்."

அந்த வார்த்தை என் நெஞ்சில் இறங்கிவிட்டது, மச்சான். குடித்தது பாவம் என்றால் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்துவிடலாம், தெரியாமல் செய்தது. ஆனால் அந்தப் பொறுமை, அந்தச் சாந்தம், என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே ஒரு சொத்து, அதுவும் போத்தலுக்குச் சொந்தம் என்றால் இந்த அறுபத்தாறு வயதில் நான் யார்?

நேற்றுக் காலை இராஜினாமாக் கடிதத்தோடு சபைச் செயலாளர் அனற் டீச்சரிடம் போனேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆண்டுக் கூட்டத்துக்கு டொரதி அனுப்புகிற பழரசம் என்ன என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். அதுவும் அதே சாடிதானாம். டீச்சருக்கு முதல் வருடமே தெரியுமாம், அவர்கள் வீட்டிலும் நத்தார்ப் பண்டிகைக்கு அதே முறையாம். மதுவிலக்குச் சபை மொத்தமும் பத்தொன்பது வருடமாக ஆண்டுக் கூட்டத்தில் வைன் குடித்துவிட்டுத்தான் மதுவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. பங்கிலேயே அதிகம் பேர் வருகிற கூட்டம் எங்களுடையதுதான் என்று நான் சுவாமியிடம் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன். அதைச் சொன்னதும் டீச்சர், "சேர், நீங்க ஒண்ணேகால் மணித்தியாலம் பேசுறதக் கேக்கவா நாப்பது பேரு வர்றாங்க?" என்றார்.

இருந்தாலும் மிகவும் பயந்தது வேறொருவருக்காக. மோகனராஜைத் தெரியும்தானே, ஆட்டோ ஓட்டுகிறவர். கசிப்பில் கிடந்து, பெண்சாதி பிள்ளையை அடித்து, தெருவில் விழுந்து எழும்பியவர். சபையில் சேர்ந்து வருகிற ஞாயிறோடு ஐந்து வருடம். அவருக்கு நான்தான் பதக்கம் குத்த வேண்டும், பெண்சாதி புதுச் சேலை எடுத்துவிட்டாளாம். இந்தத் தலைவரே வைன் குடித்தவர் என்று வேறு யாராவது சொல்லி அந்த மனுசன் மறுபடி விழுந்தால் அந்தப் பழி யாருக்கு? அதனால் நேற்றுப் பின்னேரம் நானே போய்ச் சொன்னேன். ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துப் பழரசம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் சேர்," என்றார். "மொத வருசமே வாசத்துல தெரிஞ்சிருச்சி. சேர் நம்மள சோதிச்சிப் பாக்குறாருன்னு நெனச்சேன். அதான் குரோட்டன் செடிச் சாடியில ஊத்திட்டு வெறுங் கப்ப வச்சிக்கிட்டு நின்னேன்."

கோயில் மண்டபத்துக் குரோட்டன் இரண்டு தரம் பட்டுப்போனது. மண் சரியில்லை என்று நான் சுவாமிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நாற்பத்தொரு பேர் கொண்ட சபையில் உண்மையாக மது தொடாதவர் ஒரே ஒருவர், அவர் குடிகாரர் என்று நான் பொறுப்பெடுத்தவர். அவர் முன்னால் நான் தலை குனிந்து நின்றேன்.

இதற்கெல்லாம் மூல காரணம் யார்? நீங்கள். ஆகவே இத்தால் அறியத் தருவது என்னவென்றால், இன்றிலிருந்து உங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நத்தாருக்கு வர வேண்டாம். உங்கள் மெல்பேர்ன் பயணத்தை நிறுத்தும்படி ஷிராணிக்கும் எழுதப் போகிறேன். தோட்ட டிஸ்பென்சரி லேபலைத் துஷ்பிரயோகம் செய்தது பற்றி எழுதவேண்டிய இடத்துக்கும் எழுதுவேன், அதன் பிரதிகளை

இந்த இடத்தில் டொரதி சாப்பிடக் கூப்பிட்டாள். போய் வருகிறேன்.

மணி இப்போது எட்டு. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இடியப்பமும் சொதியும். சொதியில் உப்பு கொஞ்சம் கூட, பரவாயில்லை, வெயிலுக்கு உப்பு நல்லது. மூன்று நாளாக நான் இருமுகிறேன் என்று டொரதி ஏதோ மூலிகைக் கஷாயம் காய்ச்சித் தந்தாள். கொத்தமல்லி வாசம். தொண்டைக்கு இதமாக இருக்கிறது. டொனிக் இல்லாமலும் மனுசன் வாழலாம் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

மேலே நான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் சூடாகத்தான் எழுதியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் நீங்கள் என்ன செய்தீர்கள்? தங்கையின் வாழ்க்கையைக் காப்பாற்றினீர்கள். அண்ணன் என்று இருந்தால் அதுதானே. முப்பத்துமூன்று வருடம் அவள் என்னோடு இருந்திருக்கிறாள், அதில் இருபத்தைந்து வருடமாவது சிரித்துக்கொண்டு. ஷிராணி என்ற பிள்ளை சண்டையில்லாத வீட்டில் வளர்ந்திருக்கிறாள். நத்தாருக்குக் கட்டாயம் வாருங்கள், முழங்காலுக்கு எண்ணெய் நான் தேய்த்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் இப்போது ஒரு தெளிவு வந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால் மோகனராஜ் நிற்கட்டும். அவர் சொல்ல நாங்கள் சொல்வோம். அவருக்குப் பதக்கத்தைச் சுவாமி குத்துவார். நான் கடைசி வரிசையில் புது அங்கத்தவனாக நின்று, அவர் கையால் புது அங்கத்தவர் பட்டியைக் குத்திக்கொள்கிறேன். "தொட்டவனும் அல்லேன்" என்ற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். அன்றிலிருந்து டொனிக் இல்லாத ஸ்ரனிஸ்லாஸ் எப்படிப்பட்டவன் என்று ஊர் பார்க்கட்டும். இதைச் சொன்னபோது டொரதி பயப்படவில்லை. ஏழரைக்கு முன்னாலும் நல்லவராக இருக்கப் பழகுவோம், நானும் கூட இருக்கிறேன் என்றாள். அது எனக்குப் போதும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதிவிடுகிறேன். கடலைப் பாருங்கள், மச்சான். அப்படியொரு நீலத்தை நம்ம ஏரியில் காண முடியாது. வெந்நீர்க் குளத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், உங்கள் முழங்காலுக்கு அது மருந்து. சிப்பியை ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள், றொட்னி நல்ல பிள்ளை, பொய் சொல்லமாட்டார். மீனைக் கடற்காகத்துக்கும் ஒரு துண்டு கொடுங்கள், அதற்கும் பசிதானே. சீஸின் பூசணம் கூட நினைக்க நினைக்க ஒரு தனி ருசி. குடிக்க என்ற பகுதிக்குத் தண்ணீர் போதும் என்று எழுத நினைத்தேன். ஆனால் உங்களை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? ஆறாவது கிளாஸுக்காகக் காத்திருங்கள்.

சர்வேசுரன் உங்களைக் காலிலும் கையிலும் பலமாக வைத்திருக்கவும், உங்கள் பயணம் மேகமில்லாமல் அமையவும், தேவதாய் உங்கள் வீட்டுக் கூரைமேல் கை வைத்திருக்கவும் இரு கரம் குவித்து மன்றாடி, அன்பு முத்தங்களோடு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் மீது கோபமே இல்லாத,
மைத்துனன் ஸ்ரனிஸ்லாஸ்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக் குசினிக்குப் போனேன். கஷாயப் போத்தல் மேசையில் இருந்தது. டொரதி போனில் எல்லாம் சொல்லிக் கேட்டு, இன்று மத்தியானம் தெல்தோட்டை பஸ்ஸில் வந்ததாம். லேபலில் உங்கள் கையெழுத்து. "ஸ்ரனிஸ்லாஸ். இருமலுக்கு. இராச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு அவுன்ஸ். நன்றாகக் குலுக்கவும்." மூடியைத் திறந்து மணந்தேன். கொத்தமல்லிக்குக் கீழே திராட்சை.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கோபம் வரவில்லை. அது வராததற்குக் காரணமும் விளங்கியது. பிறகு பக்கத்தில் ஒட்டியிருந்த அளவுத் தாளைப் பார்த்தேன். ஐந்து வேளைக்குத்தான் கோடு வெட்டியிருக்கிறீர்கள். இன்றையது முடிந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலு கோடு மிச்சம். ஞாயிற்றுக்கு ஒரு சொட்டும் இல்லை.

நீங்கள் கெட்டிக்கார டிஸ்பென்சர்தான், மச்சான். குலுக்கித்தான் குடிப்பேன்.